பேஷண்டின் இருபதாவது டியூப்

சனிக்கிழமை காலை பத்தேகாலுக்கு அம்மாவின் காருக்கு நாள் குறிக்கப்பட்டது.

குறித்தவர் மெக்கானிக். ஒன்பது வருடமாக அந்தக் காரைப் பார்த்தவர். பானெட்டைத் தூக்கி, எஞ்சினுக்கு ஆயில் ஊற்றும் வாயின் மூடியைத் திருகிக் கழற்றி, அதன் உட்புறத்தை அண்ணனிடமும் என்னிடமும் நீட்டினார். வெண்ணெய் தடவியது போல வெள்ளையாக ஒரு படலம்.

"ஆயில்ல தண்ணி. ரேடியேட்டர் தண்ணி டப்பாலயும் ஒரு விரல் அளவு குறைஞ்சிருக்கு. ரெண்டையும் சேர்த்துப் பாத்தா ஒண்ணுதான். ஹெட் கேஸ்கெட் போச்சு. எஞ்சினை இறக்கணும். இந்த வயசுல இதுக்கு அது வேணுமா?"

ஹெட் கேஸ்கெட் என்பது எஞ்சினின் தலைக்கும் உடலுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய தகடு. அது விட்டுப்போனால் குளிர்விக்கும் தண்ணீர் ஆயிலுக்குள் இறங்கும். எரிந்த வாயு தண்ணீருக்குள் போகும். நான் ஜெனரேட்டர் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் பதினொரு வருடமாக இருக்கிறேன். அவர் சொன்னதில் எனக்குப் பிழை தெரியவில்லை.

அண்ணன் போனை எடுத்தான். "அப்ப அந்த ஆளை நாலு மணிக்கு வரச் சொல்லிடறேன்."

அந்த ஆள் பழைய வண்டிகளை உடைத்து இரும்பாக்குபவர். அண்ணன் கெட்டவன் இல்லை. வாசலில் அந்தக் கார் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு அம்மா உள்ளே இருப்பதாகத் தோன்றுகிறது. ஐந்து மாதமாக அவன் பக்கத்துத் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு பின்வாசலில் வீட்டுக்குள் வருகிறான்.

நான் தலையாட்டிவிட்டுக் கை கழுவ உள்ளே போனேன்.

அம்மா ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பது அவள் வேலை. காலை ஐந்தரைக்குக் கிளம்புவாள். எழுந்திருக்க முடியாத பெரியவர்கள், பிரசவித்த பெண்கள், ஊசியைக் கண்டால் கட்டிலுக்கடியில் ஒளியும் குழந்தைகள். எல்லோரிடமும் எடுத்து, குளிர்பெட்டியில் அடுக்கி, இரண்டு மணி நேரத்துக்குள் கூடத்தில் ஒப்படைக்க வேண்டும். இருபது வருடம் இதை பஸ்ஸில் செய்தாள். ஐம்பதாவது வயதில், மூன்று முறை தோற்று நான்காவது முறையில் ஓட்டுநர் உரிமம் வாங்கினாள். அடுத்த வாரமே எழுபத்தொன்றாயிரம் கிலோமீட்டர் ஓடிய இந்தச் சின்ன வண்டியைப் பிடித்தாள்.

விற்றவர் "ஒரு டாக்டரம்மா கை பட்ட வண்டி" என்று பெருமையடித்தார்.

"டாக்டருங்கதான் தங்களுக்கு என்ன நோய்னு கடைசிவரை சொல்லவே மாட்டாங்க" என்று சொல்லி, அம்மா கைப்பையிலிருந்து ஒரு சிரிஞ்சை எடுத்தாள். அதன் முனையில் மெல்லிய குழாய் ஒன்றைச் செருகினாள். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி, அந்த ஓட்டை வழியாகக் குழாயை விட்டு ஐந்து மில்லி ஆயிலை உறிஞ்சினாள். விற்றவர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

அன்றிலிருந்து அந்தக் காருக்குப் பேர் பேஷண்ட்.

ஒவ்வொரு ஐயாயிரம் கிலோமீட்டருக்கும் பேஷண்டிடம் ஒரு சாம்பிள். ரத்தத்துக்கு ஆகாத, காலாவதியான டியூப்களைக் கூடத்தில் கேட்டு வாங்கி வைத்திருந்தாள். ஒவ்வொன்றிலும் லேபிள்: எண், தேதி, கிலோமீட்டர், ஒரு வரிக் குறிப்பு. வாஷ்பேசினுக்கு மேல் ஒரு ஸ்டாண்டில் வரிசையாக நின்றன. வீட்டுக்கு வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டுக் காபி வேண்டாம் என்பார்கள்.

நான் கேலி செய்வேன். "ஆயிலைக் கண்ணால பாத்து என்னம்மா தெரியும்? எங்க லேப்ல மெஷின் இருக்கு."

"மெஷின் இன்னைக்கு என்னன்னு சொல்லும்டீ ஒட்டகச்சிவிங்கி. போன தடவை எப்படி இருந்துச்சுன்னு யார் சொல்லுவா? ஒரே ஒரு ரிப்போர்ட்டை வச்சு யாரையும் நோயாளி ஆக்கக்கூடாது."

நான் உயரம். அவள் குள்ளம். ஸ்டியரிங் எட்டுவதற்கு சீட்டை முன்னால் தள்ளி, கீழே ஒரு தலையணை போட்டு ஓட்டுவாள்.

வண்டி எப்படி என்று யாராவது கேட்டால் அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிடும். இரண்டு பேட்டரி, ஒரு பெல்ட், ஒரு கதவுக் கைப்பிடி, எவ்வளவு சுற்றினாலும் பாதிக்கு மேல் இறங்காத ஒரு கண்ணாடி. ஒன்பது வருடத்தில் அவ்வளவுதான். நடுரோட்டில் நின்றது ஒரே தடவை, கிளட்ச் கேபிள் அறுந்து. அன்று பெட்டியில் பதினொரு சாம்பிள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு ரொட்டி வேனை மறித்து ஏறி, ஏழு நிமிடம் மிச்சம் வைத்து ஒப்படைத்தாள்.

"ஒரே தடவைதான் என்னை நடுத்தெருவுல விட்டுச்சு. அதுவும் சரிபண்ணினதும் திரும்பி வந்துடுச்சு. உங்கப்பாவுக்கு இது எவ்வளவோ தேவலை" என்பாள்.

ஐந்து மாதத்துக்கு முன் ஒரு காலை, பெட்டியை ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிவிட்டு, கூடத்தின் நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. இதயம். காரை நான்தான் வீட்டுக்கு ஓட்டி வந்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அதை எடுப்பேன். பேட்டரி இறங்கக்கூடாதே. தெருமுனை வரை போவேன். அம்மா இடது பக்கம் திரும்பும் அந்த இடம் வந்ததும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவேன். போக வர ஐந்து நிமிடம். சீட்டைப் பின்னால் தள்ளவில்லை. முட்டி ஸ்டியரிங்கில் இடிக்க இடிக்கத்தான் ஓட்டினேன்.

இப்போது வாஷ்பேசினில் கையில் சோப்போடு நின்றேன். எதிரே பத்தொன்பது டியூப். ஏழாவதின் லேபிள் கண்ணில் பட்டது.

"7. ஒரு லட்சம் கி.மீ. அடைமழை. பக்கத்து வீடுகள் மட்டும். மூடியில் வெள்ளை. டியூப் சுத்தம்."

டியூபை வெளிச்சத்தில் பிடித்தேன். தேன் நிறம். தண்ணீர் கலந்த ஆயிலின் கலங்கலே இல்லை. பதிமூன்றாவதைத் தேடினேன். அதிலும் மழைக்காலம். "மூடியில் வெள்ளை. டியூப் சுத்தம். நீள ஓட்டம் கொடுத்தேன், போய்விட்டது."

சோப்புக் கையோடு வெளியே ஓடினேன்.

"மெக்கானிக் மாமா, மூடியை மூடாதீங்க! அண்ணா, அந்த ஆளுக்குப் போன் பண்ணு, வரவேண்டாம்னு சொல்லு!"

"ஏன், என்ன ஆச்சு?"

"சூடாகாத எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்தினா உள்ள ஈரம் படியும். அந்த ஈரம் மூடியில போய் ஒட்டி வெள்ளையாகும். கேஸ்கெட் போயிருக்கணும்னு இல்ல. வாரா வாரம் அஞ்சு நிமிஷம், அஞ்சு மாசம்! என் ட்ரெயினிங்ல முதல் வாரமே சொல்லிக் கொடுத்தாங்க. நானே இதைப் பண்ணியிருக்கேன், மாமா. நான்தான்!"

மெக்கானிக் துணியால் கையைத் துடைத்தார். "சரி இன்ஜினியரம்மா. மூடிக்குக் கதை சொல்லிட்ட. டப்பாத் தண்ணி எங்க போச்சு? அதுவும் உன்னை மாதிரி தெருமுனை வரைக்கும் போய்ட்டு வருதா?"

அண்ணன் சிரித்தான். ஐந்து மாதத்தில் அவன் சிரித்து அன்றுதான் கேட்டேன். ஆனால் அந்த ஆளுக்குப் போன் செய்யவில்லை. "நாலு மணி வரைக்கும் டைம். அதுக்குள்ள ரெண்டுல ஒண்ணு தெரியட்டும். உன் ஆசைக்காக இதை வாசல்ல வச்சுட்டு இருக்க முடியாது, ஒட்டகம்."

அம்மாவின் சிரிஞ்சைக் கொண்டுவந்தேன். அதே குழாய், அதே ஓட்டை. ஐந்து மில்லி ஏறியது. வெயிலுக்கு நேரே பிடித்தேன். கறுத்திருந்தது, ஆனால் தெளிவு. பத்தொன்பதாவது டியூபோடு சேர்த்துப் பிடித்தேன். ஒன்றுபோல இருந்தன.

"கண்ணுக்குத் தெரியாத அளவு கலந்திருந்தா?" என்றார் மெக்கானிக். நியாயமான கேள்வி.

அதற்குப் பதில் என் தொழிற்சாலை அலமாரியில் இருந்தது. நீல நிற மருந்து. ரேடியேட்டர் வாயில் ஒரு கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, எழும் காற்றை அந்த மருந்து வழியாக உறிஞ்ச வேண்டும். கேஸ்கெட் விட்டிருந்தால் எரிந்த வாயு தண்ணீருக்குள் வந்திருக்கும். நீலம் மஞ்சளாகும். விடவில்லை என்றால் நீலம் நீலமாகவே நிற்கும்.

அண்ணனின் ஸ்கூட்டரில் பறந்தோம். போகிற வழியெல்லாம் திட்டினான். "செத்த வண்டிக்கு ரத்தப் பரிசோதனை! அப்படியே அம்மா! அப்படியே!" ஆனால் ஒரு சிக்னலில்கூட மஞ்சள் விளக்குக்கு நிற்கவில்லை. தொழிற்சாலை வாசல் காவலரிடம் நான் பேசுவதற்குள் அவனே பேசி என்னை உள்ளே அனுப்பினான்.

அலமாரிச் சாவி வைத்திருப்பவர் வரும்வரை காத்திருந்ததில், திரும்பும்போது மூன்று மணி. மெக்கானிக் போயிருப்பார் என்று நினைத்தேன். போகவில்லை. காருக்கு அடியில் படுத்திருந்தார். கால் மட்டும் வெளியே தெரிந்தது.

"ரேடியேட்டரோட கீழ் ஹோஸ் கிளிப் பக்கத்துல பச்சையா உப்புப் பூத்த மாதிரி இருக்கு" என்று அடியிலிருந்து குரல் வந்தது. "டப்பாத் தண்ணி சொட்டுச் சொட்டா ஒழுகிக் காஞ்சிருக்கு. காலைலயே குனிஞ்சிருந்தா பாத்திருப்பேன். இடுப்பு வலி."

"மூக்கு ஒழுகினதுக்கா மாமா தலையை வெட்டச் சொன்னீங்க?"

"வாயைப் பாரு. இதுவும் இருக்கலாம், அதுவும் இருக்கலாம். உன் மருந்தை ஊத்து."

கிளிப்பை இறுக்கினார். நான் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, தண்ணீர் மட்டத்தைக் கொஞ்சம் குறைத்து, குழாயைப் பொருத்தினேன். அண்ணன் சாவியைத் திருப்பினான். எஞ்சின் ஒரு தடவை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. பத்து நிமிடம். பதினைந்து. வெப்பமுள் பாதிக்கு ஏறியது. குழாயின் மேலிருந்த ரப்பர் உருண்டையை அழுத்தத் தொடங்கினேன். நீலத்துக்குள் குமிழ் குமிழாகக் காற்று ஏறியது.

மூவரும் ஒரு விரல் நீள நீலத்தை முறைத்துக்கொண்டிருந்தோம். அண்ணன் மூச்சு என் காதில் பட்டது. ஒரு நிமிடம். இரண்டு. நீலம்.

"மாறலையே!" என்றான் அண்ணன்.

"மருந்து பழசா இருந்தா?" மெக்கானிக் விடவில்லை. "காலாவதியானதை வச்சுப் பரிசோதிக்கிறது உங்க பரம்பரைப் பழக்கமாச்சே."

கோபம் வரவில்லை. சந்தோஷமாக இருந்தது. அம்மா இருந்திருந்தால் இதைத்தான் கேட்டிருப்பாள். குழாயைக் கழற்றிக் காரின் பின்பக்கம் ஓடினேன். சைலன்சரில் வரும் எரிந்த புகைக்கு நேரே பிடித்து ஒரே ஒரு தடவை உறிஞ்சினேன்.

பளிச்சென்று மஞ்சள்.

மருந்து உயிரோடு இருந்தது. கேஸ்கெட்டும்.

மெக்கானிக் குழாயை வாங்கி அந்த மஞ்சளை வெயிலில் திருப்பிப் பார்த்தார். பிறகு பானெட்டைத் தன் கையாலேயே சாத்தினார். "அக்கா, உங்கம்மா, ஏழு வருஷம் முன்னாடியே இது வெறும் ஈரம்தான்னு என்கிட்ட சொன்னாங்க. அப்பவும் கேஸ்கெட்னுதான் சொன்னேன். நானும் திருந்தல, வண்டியும் திருந்தல. போ, நல்லா சூடு ஏறுற வரைக்கும் ஓட்டிட்டு வா. வெள்ளை எல்லாம் ஓடிடும்."

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் கிரேன் பொருத்திய லாரி தெருவில் நுழைந்தது. வண்டியை உடைப்பவர் எட்டிப் பார்த்து, "எந்த வண்டிங்க?" என்றார்.

அண்ணன் காருக்கு முன்னால் போய் நின்றுகொண்டான். "அலைய வச்சதுக்கு மன்னிச்சுக்கங்க. பேஷண்ட் பொழைச்சுக்கிச்சு."

அவருக்குப் புரியவில்லை. நான் உள்ளே உட்கார்ந்தேன். முட்டி இடித்தது. மீட்டரைப் பார்த்தேன். 1,64,958. இருபதாவது சாம்பிளுக்கு நாற்பத்திரண்டு கிலோமீட்டர் பாக்கி.

நெடுநாள் நகராத சீட். நெம்புகோலைத் தூக்கி, காலை ஊன்றித் தள்ளினேன். கிறீச்சென்று பின்னால் போனது. தலையணையை எடுத்துப் பக்கத்து சீட்டில் வைத்தேன். அண்ணன் கதவைத் திறந்து அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஏறினான்.

"எங்க போறோம்?"

"அம்மா போற வழி."

தெருமுனை வந்தது. இடது பக்கம் திருப்பினேன்.

அவள் ரத்தம் எடுத்த வீடுகளை எல்லாம் தாண்டினோம். அண்ணன் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தான். இந்த மாடியில் ஊசிக்கு அழும் பெரிய மனுஷன், அந்தப் பச்சைக் கதவில் இரட்டைக் குழந்தைகள். இவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "நீ மெஷின், மெஷின்னு இருந்தப்ப யாரு அவங்க பேச்சைக் கேட்டா?" என்றான். முள் பாதியில் நின்றது. அசையவில்லை. வெளியூர்ச் சாலையில் நான்காவது கியர். பேஷண்ட் பாடிக்கொண்டு ஓடியது. நாங்கள் இருவரும் ஜன்னலை இறக்கிக் காரணமில்லாமல் கத்தினோம். அவன் பக்கத்துக் கண்ணாடி வழக்கம்போலப் பாதிதான் இறங்கியது.

பரிசோதனைக் கூடத்தின் வாசலைக் கடந்தபோது அண்ணன் தலையணையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

வீட்டுக்கு முந்தைய வளைவில் எண்கள் புரண்டன. 1,65,000. ஓரமாக நிறுத்தினேன். எஞ்சின் ஆறும்வரை பானெட்டைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருந்தோம். மூடியைத் திருகினேன். உள்ளே வெள்ளை இல்லை. ஈரப் பளபளப்பு மட்டும்.

சிரிஞ்சை நான் பிடித்தேன். டியூபை அண்ணன் பிடித்தான். லேபிளை எழுதும்போது அம்மாவைப் போலவே ஒரே வரியில் எழுதினேன்.

"20. 1,65,000. நீள ஓட்டம். மூடி சுத்தம். டியூப் சுத்தம். எடுத்தது: இருவர்."