முதலாளி பிடித்த கண்ணாடி

பனை மரத்தை நான் கையெடுத்துக் கும்பிட்டது ஒரே ஒரு தடவைதான். ஆவணி மாதம், பழம் விழுகிற காலம். உப்பூர்ப் பக்கத்துப் பெரிய வீட்டுக்காரர் ஒருவர் வெயிலுக்குப் பயந்து தன் காரைப் பனங்கூட்டத்துக்கு அடியில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார். அந்த மாதத்தில் எங்கள் ஊர் ஆடுகூட அங்கே படுக்காது. ஒரு பழம் விழுந்தது, பின்கண்ணாடி பொலபொலவென்று கொட்டிவிட்டது. அந்தக் கார் இராமநாதபுரத்தில் எங்கள் பட்டறைக்கு வந்தபோது என் வயிறு குளிர்ந்துபோயிற்று. எனக்கு அந்தக் காரைத் தெரியும். அந்தப் பின்கண்ணாடியை இன்னும் நன்றாகத் தெரியும்.

பத்து வருடத்துக்கு முன்னால், எனக்குப் பதிமூன்று வயதில், அம்மாவுக்கு இரண்டு நாளாகப் பிரசவ வலி. பிள்ளை வரவில்லை, உதிரம் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. இராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால்தான் உண்டு என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். என்னைப் பெற்ற அய்யா உழுதது அந்தப் பெரிய வீட்டு நிலத்தைத்தான். நானும் அய்யாவும் ஓடினோம். கார் புறப்பட்டுக்கொண்டிருந்தது. போகிற இடமும் இராமநாதபுரம்தான், பின்சீட்டில் இருந்தது அவர் ஒருவர்தான். அய்யா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார்.

"சீட்டுல கறை பட்டாப் போகாதுப்பா. மாட்டு வண்டியப் பூட்டு," என்றார் அவர்.

கார் நகர்ந்தது. நான் பின்னாலேயே ஓடினேன். பின்கண்ணாடி வழியாக அவர் பிடரி தெரிந்தது. ஒரு தடவையாவது திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்தேன், பார்க்கவில்லை. பாதி வழியில் மாட்டு வண்டியிலேயே தம்பி பிறந்தான். அழாமலே போய்விட்டான். அம்மா பிழைத்தாள்.

நான் வாழ்க்கைப்பட்டது ஒரு கார் மெக்கானிக்குக்கு. கண்ணாடி மாட்டும்போது கயிறு இழுப்பது என் வேலையாகிவிட்டது. கண்ணாடியைச் சுற்றி ரப்பரை மாட்டி, ரப்பரின் பள்ளத்தில் ஒரு கயிற்றைப் பதித்து, சோப்புத் தண்ணீர் தடவி, வெளியிலிருந்து காரின் மேல் பொருத்துவார்கள். கயிற்றின் இரண்டு நுனியும் காருக்குள் தொங்கும். வெளியே இருப்பவர்கள் உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்க, உள்ளே இருப்பவர் கயிற்றை உருவ உருவ, ரப்பர், காரின் தகட்டு விளிம்பின் மேல் ஏறி உட்காரும். வெடுக்கென்று இழுத்தால் கண்ணாடி மூலையில் விரிசல் விட்டுப்போகும். வெளியே கையை எடுத்தால் அப்படியே கீழே விழும். என் கை பதமான கை என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

மதுரையிலிருந்து ரயிலில் கண்ணாடி வந்துசேர மூன்று நாளாயிற்று. அந்த மூன்று நாளும் ஏதாவது சாக்குச் சொல்லிப் பட்டறைக்குப் போய் அந்தக் காரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரருக்குப் பழைய கதை தெரியும், இது யார் கார் என்று மட்டும் தெரியாது. நான் சொல்லவில்லை. சொன்னால் என்னைக் கயிறு இழுக்க விடமாட்டாரோ என்று பயம்.

கண்ணாடி வந்த அன்றைக்குக் கார் முதலாளியே நேரில் வந்துவிட்டார். மகளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் சாயந்தர ரயிலில் வருகிறார்களாம், கார் ஸ்டேஷனில் நிற்க வேண்டுமாம். அகலமான கண்ணாடி, வெளியே இரண்டு ஆள் வேண்டும். பட்டறை ஆள் தங்கச்சிமடத்தில் மாதா கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தார். உடைந்த சில்லுகளை அள்ளியதில் டிரைவருக்கு உள்ளங்கை கிழிந்து கட்டுப் போட்டிருந்தது. வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார்.

"முதலாளி ஒரு பக்கம் பிடிச்சா முடிஞ்சுரும்," என்றேன் நான்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார், சட்டைக் கையை மடித்துக்கொண்டார். சீட்டின் மேல் விரித்திருந்த வெள்ளைத் துணியைச் சில்லு கிடக்கும் என்று சொல்லி உருவிப் போட்டுவிட்டு, சோப்புத் தண்ணீரும் கிரீஸுமாக இருந்த என் சேலையோடு வெறும் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். அவர் முகம் சுருங்கியது. அது எனக்குச் சர்க்கரையாக இனித்தது.

கீழ்ப்பக்கம் முழுதும் ஏறியது. பாதிக் கயிறு பாக்கி இருக்கும்போது இழுப்பதை நிறுத்தினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், உச்சி வெயிலில், அவர் முகம் என் முகத்துக்கு நேராக இருந்தது. இந்தத் தடவை பிடரி இல்லை.

"கைய எடுத்துறாதீக முதலாளி. இது போனா அடுத்தது மதுரையிலருந்து வரணும்," என்றேன். பிறகு அய்யா பெயரைச் சொன்னேன். அம்மாவைச் சொன்னேன். உதிரம், கட்டை வண்டி, அழாத தம்பி, சீட்டுக் கறை, ஒன்றையும் விடவில்லை. கார்க் கதவுகள் திறந்திருந்தன, ஒரு வார்த்தைகூட வீணாகியிருக்காது. அவருக்கு வேர்த்துக் கண்ணில் வழிந்தது, துடைக்கக் கை இல்லை.

"அப்ப எத்தனையோ பேர் வந்து கேப்பாக," என்றார் கடைசியில்.

"எனக்கு அம்மா ஒருத்திதான்," என்றேன்.

வீட்டுக்காரர் மறுபக்கம் பிடித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். எந்த வேலையிலும் சீக்கிரம் சீக்கிரம் என்று என் உயிரை எடுக்கிறவர் அவர்.

"மெதுவாவே இழு," என்றார் என்னிடம்.

விரல் அகலம் விரல் அகலமாக இழுத்தேன். கயிற்றை அவ்வளவு மெதுவாக அதற்கு முன்னாலும் இழுத்ததில்லை, பின்னாலும் இழுத்ததில்லை. கண்ணாடியை உடைத்துவிட ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் உடைந்தால் அவர் கையை எடுத்துவிடுவாரே. எனக்கு இரக்கம் வரவில்லை. வரவேண்டும் என்று இன்றைக்கும் நினைக்கவில்லை.

இறங்கும்போது சீட்டில் கை ஊன்றித்தான் இறங்கினேன். ஐந்து விரலும் கிரீஸில் பதிந்தன. அவர் அதைப் பார்த்தார், முன்சீட்டில் ஏறிக்கொண்டார். கார் தெருமுனை திரும்பும்வரை புதுக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மா எங்களோடுதான் இருந்தாள். வீட்டில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவளிடம் எல்லாவற்றையும் ஒரு மூச்சாகச் சொன்னேன். சந்தோஷப்படுவாள், இல்லை அழுவாள், இல்லை என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"அந்தச் சீட்டு மெத்துன்னு இருந்துச்சாடி?" என்று கேட்டாள்.

மெத்தென்றுதான் இருந்தது. அவ்வளவு மெத்தென்ற ஒன்றில் நான் அதுவரை உட்கார்ந்ததே இல்லை.

"எங்க, வெறுங் கம்பி. குத்துதும்மா," என்றேன்.