ஜெபகுமாரியின் ஜெபக்குறிப்புகள்

புதுக்கடைப் பக்கத்துச் சபையில் ஜெபகுமாரியைப் போல ஜெபிக்க ஆளில்லை. அங்கன்வாடியில் ஆயா வேலை. புதன்கிழமை சாயங்காலமானால், யார் வீட்டில் ஜெபக்கூட்டமோ அங்கே முதல் ஆளாகப் போய்ப் பாய் விரிப்பாள். 'வியாதியஸ்தரை நினைத்தருளும்' என்று பொத்தாம்பொதுவாக முடிப்பது அவளுக்குப் பிடிக்காது. பெயர் சொல்வாள், வியாதி சொல்வாள், ஆஸ்பத்திரி வார்டு நம்பர்கூடச் சொல்வாள். ஆண்டவரிடம் மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்பாள்.

அந்தப் புதன் கூட்டம் ஷைஜாவின் வீட்டில். அதே அங்கன்வாடியில் டீச்சர், இவளைவிட இருபது வயது இளையவள். புருஷன் மஸ்கட்டில். மூன்று தடவை கர்ப்பம் கலைந்ததை அவனுக்கு அடுத்தபடி ஜெபகுமாரியிடம் மட்டும்தான் அழுது சொல்லியிருந்தாள். மாமியார் பேபிக்குத் தெரியாது.

எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். ஜெபகுமாரி உருகினாள். "மூன்று முறை கலைந்துபோன ஷைஜாவின் கர்ப்பத்தை நீர் தொடும், சுவாமி."

ஆமென் சொல்லிக் கண் திறந்தபோது பேபி மருமகளையே வெறித்துக்கொண்டிருந்தாள். ஷைஜா அடுக்களைக்குள் போனவள் வெளியே வரவேயில்லை. ஆவியானவர் தொட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டு ஜெபகுமாரி நிம்மதியாக வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை, பிள்ளைகள் வருவதற்கு முன் ஷைஜா வந்தாள். கண் வீங்கியிருந்தது. ராத்திரி முழுக்க மாமியார் போனில் மகனை விளித்துப் பேசிய பேச்சையெல்லாம் சொன்னாள். கடைசியில் குரலை உயர்த்தாமல், "அக்கா, நீங்க ஆண்டவருகிட்ட சொல்லல்ல. எங்க மாமியாருகிட்ட சொன்னிய" என்றாள்.

"ஜெபத்துலதானே மக்கா சொன்னேன்."

"கண்ண மூடுனா காதும் மூடிருமாக்கும்?"

சின்னப் பெண், தன்னிடம் வந்து இப்படியா? ஜெபகுமாரிக்குக் கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் வேறு ஏதோ குளிர்ந்து கிடந்தது. அன்று உப்புமா அடிப்பிடித்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டில் புருஷன் தேவகுமார் ரப்பர் ஷீட்டுகளைக் கொடியில் காயப் போட்டுக்கொண்டிருந்தார். ஷைஜாவின் திமிரைப் பற்றி அவரிடம் மூச்சுவிடாமல் சொன்னாள். தன் பக்கம் பேசுவார் என்றுதான் சொன்னாள்.

அவர் திரும்பவில்லை. "அந்தப் பிள்ளைக்குத் தைரியம் உண்டு. எனக்கு இல்லாமப் போச்சு" என்றார். சட்டைக் காலரை விலக்கிக் காட்டினார். கழுத்தோரம் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. மூன்று மாதமாயிற்றாம். வடசேரியில் ஸ்கேன் எடுத்தாராம், பயப்பட ஒன்றுமில்லையாம்.

"எனக்கிட்ட ஏன் சொல்லல்ல?"

"புதன்கிழம ஊருக்கே தெரிஞ்சிரும்லா."

முப்பது வருடம் ஒரே பாயில் படுத்த மனுஷன். ஜெபகுமாரி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நாளாகவே யாரும் தன்னைத் தேடி வந்து கஷ்டம் சொல்வதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எல்லோருக்கும் ஆண்டவர் சமாதானம் கொடுத்துவிட்டார் என்றல்லவா நினைத்திருந்தாள்!

சனிக்கிழமை ஷைஜாவின் வீட்டுக்குப் போனாள். பேபியின் முன்னால் வைத்தே, நான் செய்தது ஜெபமில்லை, மன்னிக்கணும் என்றாள். பேபி முகம் கொடுக்கவில்லை. ஷைஜாவும் உடனே இளகவில்லை. வாசல்வரை வந்தவளிடம் ஜெபகுமாரி, "ஏட்டி, எனக்கு இது பழகிப்போச்சு. இனியும் வரும். நீ பக்கத்துல இருந்து என்னைத் தடுப்பியா?" என்று கேட்டாள்.

"கைய அமுக்குவேன். நிறுத்திரணும்" என்றாள் ஷைஜா.

அடுத்த புதன் செல்வதாஸ் உபதேசியாரின் வீட்டில் கூட்டம். இருபது பேர். ஜெபிக்கச் சொன்னதும் ஜெபகுமாரி ஷைஜாவின் கையைப் பிடித்துக்கொண்டு தொடங்கினாள். ஸ்தோத்திரம் சொன்னாள். குரல் தானாக ஏறியது. "என் கணவரின் கழுத்திலே..."

விரல்கள் நொறுங்குகிற மாதிரி ஓர் அமுக்கு.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனைக்குப் பிறகும் இந்த நாக்கு! அறை காத்திருந்தது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஜெபகுமாரி உதட்டை இறுக மூடிக்கொண்டாள். மிச்சத்தைச் சத்தமில்லாமல் சொன்னாள். வெகுநேரம் கழித்து ஆமென் மட்டும் வெளியே கேட்டது. வலித்த கையை அவள் விடுவித்துக்கொள்ளவில்லை.