மஞ்சள் ஏணி

என் அக்கா புருஷனை சிமெண்ட் கம்பெனி யார்டில் எல்லோரும் அணில் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாகச் சிமெண்ட் லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டுகிறவர். டயரில் ஒரு கால், கொக்கியில் ஒரு கால், அடுத்த நிமிஷம் மூட்டைக்கு மேலே நிற்பார். ஏணி இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறதே, பேஷாக! மஞ்சள் பெயிண்ட் அடித்து, சோதனைக்கு வருகிற அதிகாரிகள் பார்ப்பதற்காக ஆபீஸ் சுவரில் சங்கிலி போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார்கள். சாவி மேனேஜர் மேஜையில்.

ஒரு மழை நாளில் நனைந்த தார்ப்பாய் வழுக்கி மச்சான் கீழே விழுந்தார். இடது முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு. நான் அதே யார்டில் லாரிகளுக்கு எடை போடுகிறவன். அந்தச் சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

"ஆறு வாரம் கால் தரையில படவே கூடாது. ஊனினா கோணலாத்தான் சேரும்" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே அக்கா வீட்டு வாசலில் கம்பெனி கார். மேனேஜர் இறங்கினார்.

"சும்மா வந்து படுத்திருந்தா போதும். ஒரு நாள் லீவு போட்டாலும் விபத்துன்னு எழுதியாகணும். விபத்தே இல்லாத கம்பெனின்னு இந்த வருஷம் கேடயம் நமக்குத்தான். வரலன்னா வேற ஆளைப் பாக்க வேண்டியதுதான்."

"நீங்கல்லாம் மனுஷங்கதானா?" என்று அக்கா கத்தினாள். மச்சான் அவளை அடக்கிவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு காரில் ஏறினார்.

காலிச் சாக்கு போடும் அறையில் ஒரு கட்டில். வருகைப் பதிவுக்கு விரல் ரேகை வைக்க, கக்கூஸ் போக, ஒவ்வொரு தடவையும் அந்தக் காலை ஊன்றித்தான் ஆக வேண்டும். தாங்கிப் பிடித்தது நான். என் வேலைக்குப் பயந்து வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன். தூ, இதுவும் ஒரு பிழைப்பா!

கால் கோணலாகத்தான் சேர்ந்தது. கேடயமும் வந்தது.

விழாவுக்கு ஒரு லாரியின் பக்கப் பலகையை இறக்கி, துணி விரித்து மேடையாக்கினார்கள். விருந்தாளிகள் ஏறுவதற்கு மஞ்சள் ஏணியின் பூட்டைத் திறந்தார்கள். இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, மேனேஜர் ஏறினார். பிறகு, மூத்த தொழிலாளி என்று மச்சானைக் கூப்பிட்டார்கள்.

மச்சான் ஏணிப்படியைக் கையால் தடவினார்.

"இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான்டா இதைத் தொடுறேன்."

கோணல் கால் முதல் படியிலேயே ஊன்றவில்லை.

"பரவால்ல, அவரு கீழயே நிக்கட்டும்" என்றார் மேனேஜர், மைக்கில்.

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.