இறங்கும்போது இடது

என் அக்கா புருஷனுக்குக் கண்ணாடிக் கடை. வாரம் ஆறு நாள் ஊராரின் கண்ணுக்குப் பவர் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை ஷட்டரை உள்ளிருந்து இறக்கிவிட்டு, கம்ப்யூட்டரில் மலைகளைப் பார்ப்பார். மலையேறும் பைத்தியங்களுக்காக அவர் நடத்துகிற இணையதளத்தில் முந்நூறு மலைகளாவது இருக்கும். உயரம், தண்ணீர் கிடைக்கும் இடம், வண்டி நிறுத்த வசதி, எங்கே எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எல்லாம் இலவசம். வீட்டில் டியூப்லைட் மாற்ற மாசக்கணக்கில் இழுத்தடிக்கிற மனிதர், ஒரு குன்றின் உயரம் அரை மீட்டர் பிசகினால் சோறு இறங்காமல் திரிவார். நான் அவரை மலைமுழுங்கி என்றுதான் சொல்வேன், முதுகுக்குப் பின்னால்.

மூட்டுவலி வந்து அவர் ஏறுவதை விட்டு வெகுநாளாகிறது; போய் வந்தவர்கள் சொல்கிற வழியைக் கேட்டுத்தான் தளத்தில் போடுகிறார். இப்போது அக்கா ஏறுகிறாள். தனியாகத்தான் போவாள்; வழியெல்லாம் தொணதொணக்கிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது.

அந்த ஞாயிறு மத்தியானம் நானும் கடையில் இருந்தேன். பட்டியலில் புதிதாகச் சேர்த்த ஒரு மலைக்கு அக்கா போயிருந்தாள். போன் வந்ததும் மாமா ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னங்க, உச்சியிலேர்ந்து இறங்கிட்டிருக்கேன். ஏறினது வேற வழி, இது எனக்குப் புதுசு. திடீர்னு பனி மூடிக்கிச்சு. பாதை ரெண்டா பிரியுது, ரெண்டு பக்கமும் ஒரே வெள்ளையா இருக்கு. நீங்க இடதுன்னு போட்டிருக்கீங்க. போகட்டுமா?"

அவர் திரையைப் பார்த்தார். இடது என்றுதான் இருந்தது. 'போ' என்று சொல்ல வாயெடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

காரணம் எனக்குத் தெரியும். மலைவழியைப் பெரும்பாலும் ஏறுகிற கணக்கில்தான் சொல்வார்கள். இவர் இடதை வலதாக்கி, வலதை இடதாக்கி, இறங்குகிறவர்களுக்கென்று தனியாகப் போடுவார். அதில் அவருக்கு ஏகப்பெருமை. ஆனால் இந்த வழியைச் சொன்னவர் இறங்கும்போது பார்த்துச் சொல்லியிருந்தால்? சரியாக இருந்ததை இவரே திருப்பிக் கெடுத்திருப்பார். ஒரு பக்கம் பாதை, மறுபக்கம் கிடுகிடு பள்ளம்.

வழி சொன்னவருக்கு நான் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன்.

"என்னங்க, இருக்கீங்களா? குளிருது. சார்ஜ் வேற கம்மியா இருக்கு."

"யோசிக்கிறேம்மா."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? நீங்க போட்டதுதானே?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "மாமா, ஏதாவது ஒண்ணு சொல்லித் தொலைங்க" என்று கத்திவிட்டேன்.

"தெரியல" என்றார் அக்காவிடம். "நான் போட்டது சரியா தப்பான்னு எனக்கே தெரியல. அங்கேயே உக்காரு. பனி விலகுற வரைக்கும் ஒரு அடி எடுத்து வைக்காத."

பதில் வருவதற்குள் லைன் போய்விட்டது. அவள் கேட்டாளா இல்லையா என்று தெரியாது. மீட்புக் குழுவைக் கூப்பிட்டேன். பனி கொஞ்சம் விலகினால்தான் மேலே போக முடியும் என்றார்கள். அவரை நாலு அறை அறையலாம் போலிருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் மீட்புக் குழுவின் வண்டியில் அக்கா வந்து இறங்கினாள்.

"வலதுதான் பாதை" என்றாள். "பனி விலகினதும் பார்த்தேன். இடது பக்கம் ரெண்டு எட்டு வச்சிருந்தா அவ்வளவுதான்."

தளத்தில் அந்த மலைக்கான பக்கத்தில் ஏழெட்டுப் பேர் நன்றி சொல்லி எழுதியிருந்தார்கள். எல்லாரும் வெயிலில் போனவர்கள், கண்ணால் பார்த்து வலது பக்கம் இறங்கியவர்கள். தப்பாக இருக்கிறது என்று ஒரு ஆளாவது சொல்லியிருக்கக் கூடாதா?

"மன்னிச்சிடும்மா" என்றார் மாமா.

அக்கா சண்டை போடவில்லை. ஈரச் சட்டையோடு கம்ப்யூட்டர் முன் குனிந்தாள்.

"இதே மாதிரி திருப்பிப் போட்டது எத்தனை மலைக்கு?"

"எல்லாத்துக்கும். ஏறும்போது பார்த்ததா, இறங்கும்போது பார்த்ததான்னு யாரையும் கேட்டதில்ல."

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. இப்ப அங்கெல்லாம் யாரு யாரு இருக்காங்க?"

அவர் தளத்தை மூடப் போனார். மவுஸ் வேறெதையோ அழுத்தியது. நான் வாங்கி மூடினேன். காலையிலேயே அந்த வழிகளைப் போனில் ஏற்றிக்கொண்டு போனவர்களை என்ன செய்வது என்று எங்கள் மூவருக்கும் தெரியவில்லை.