ஒன்று தள்ளி விழுந்த வெளிச்சம்

பௌதிகவியல் ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, கண்டிக்கு வெளியே ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்த வேலை கிடைத்தது. வீட்டிலிருந்தால் கூரைத் தகரத்தின் ஆணிகளை எண்ணிக்கொண்டிருப்பேன் என்று மனைவிதான் போகச் சொன்னாள். அவள் சொன்னது பொய்யில்லை.

அங்கே நுணுக்குக்காட்டியோடு பொருத்த ஒரு புதுக் கருவி வந்தது. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஆயிரக்கணக்கான கண்ணாடிகள். அவை சாய்ந்து நிமிர்ந்து வெளிச்சத்தைக் கோடுகோடாக்கி இலைத் துண்டின் மேல் போடும். மூன்று சாய்வு, சாய்வுக்கு மூன்று நகர்வு, ஆக ஒன்பது கோலம். கமரா ஒவ்வொரு படம் எடுக்கும்போதும் கம்பி வழியாக ஒரு துடிப்பை அனுப்பும். துடிப்புக்கு ஒரு கோலம் மாறும். ஒன்பது படத்தையும் கணினி சேர்த்து, சாதாரணமாகத் தெரியாத நுணுக்கத்தைக் காட்டும். இதில் ஒரே விதிதான். கருவி முதலில் விழித்துப் பச்சை விளக்கைக் காட்ட வேண்டும், அதற்குப் பிறகே கமராவை ஓடவிட வேண்டும்.

திறப்பு விழாவுக்குப் பெரியவர், அதாவது ஆய்வுகூடத் தலைவர், சுபவேளை பார்த்திருந்தார். திறந்துவைக்க அழைத்திருந்த விருந்தினரின் வாகனம் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் மாட்டிக்கொண்டது. அவர் வந்து குத்துவிளக்கேற்றி முடிக்க வேளை தப்பப் பார்த்தது. பச்சை விளக்குக்குக் காத்திருக்க நேரமில்லை. கமராவை முன்கூட்டியே ஓடவிட்டு, கருவியின் பொத்தானை மட்டும் விருந்தினரை அழுத்தச் சொன்னார்கள். திரையில் ஏதோ ஒளிர்ந்தது. கை தட்டினார்கள். சுபவேளையில் ஓடிய முறையை மாற்ற வேண்டாம் என்று பெரியவர் சொல்ல, அந்த வரிசையையே கணினியில் பதித்துவிட்டார்கள்.

எங்களுக்குப் பொறுப்பான விரிவுரையாளர் அக்குறணைக்காரர். வரிசை பிழை என்று அவரிடம் சொன்னேன்.

"எனக்கு இந்த நேரங்காலத்துல நம்பிக்கை இல்ல மாஸ்டர். ஆனா பெரியவருக்கு ஈக்கி. படம் வருதுதானே? நீங்க பஸ்ல ஏறினா சீட்டை எண்ணுவீங்க, கடையில சாப்பிட்டா அப்பளத்தை எண்ணுவீங்க. இதையாச்சும் உடுங்களே."

எல்லாரும் சிரித்தார்கள். கடைக்காரன் அன்று அப்பளம் குறைவாகத்தான் வைத்திருந்தான்.

மடுல்கெல்லைத் தோட்டத்திலிருந்து வந்து படித்த ஒரு பெண் அந்தக் கருவியில் தேயிலைக் கொழுந்தின் உயிரணுக் கலங்களை ஆராய்ந்தாள். ஒருநாள் என்னைத் திரைக்கு முன் இழுத்து வந்தாள்.

"சேர், இங்க பாருங்களேன். கலச்சுவர்ல கோடு கோடா ஓடுது. இத யாருமே சொன்னதில்லீங்க சேர்!"

மெல்லிய, அழகான கோடுகள். அவற்றை நம்பியே வெளிநாட்டில் மேற்படிப்புக்கு ஓர் இடம் அவளுக்கு ஏறக்குறைய உறுதியானது. விரிவுரையாளர் அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு நடைபாதையில் மாட்டினார். தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து அவளுடைய அம்மா வந்து, அதன் முன் நின்று படமெடுத்துக்கொண்டு போனார்.

நான் என் பாட்டில் கோடுகளை எண்ணினேன். பதினேழு. அடுத்த இலையிலும் பதினேழு. முற்றிய இலை, நோய் பிடித்த இலை, எல்லாவற்றிலும் அதே பதினேழு, அதே சாய்வு. எந்தச் செடியும் இப்படிக் கணக்காக வளராது.

அவளிடம் சொன்னேன். முகம் சுருங்கினாலும், மழுப்பாமல் எழுந்தாள். எழுத்தை மஞ்சளாக்கும் பேனையின் மையை வெறும் கண்ணாடித் தகட்டில் பூசி, நுணுக்குக்காட்டியில் வைத்தாள். இலையே இல்லை. திரையில் பதினேழு கோடுகள்.

இருவருக்கும் விளங்கிவிட்டது. கருவி விழிக்குமுன் கமரா ஓடியதால் முதல் துடிப்பு வீணாகப் போயிருந்தது. முதற்படத்தில் கோலம் இல்லை, இரண்டாவதில் முதற்கோலம், கடைசிவரை ஒன்று தள்ளியே. கணக்குத் தவறிய ஒன்பதைச் சேர்த்துக் கணினிதான் கோடு வரைந்திருக்கிறது. பச்சை விளக்குக்குக் காத்திருந்து மறுபடி எடுத்தோம். வெறும் மஞ்சள். கொழுந்தை வைத்தோம். எல்லாப் பாடப்புத்தகத்திலும் உள்ள சாதாரணக் கலச்சுவர்.

விஷயத்தைக் கேட்ட விரிவுரையாளர் கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "மாஸ்டர், புள்ள போய்ச் சேரட்டும். அங்க போய்த் திருத்திக்கொள்ளும். இப்ப சொன்னா பெரியவர்ட வேளையும் போச்சு, புள்ளட இடமும் போச்சு."

"நான் சொல்றேங்க சேர்," என்றாள் அவள். கோடுகளை நீக்கி ஆய்வைத் திருப்பி எழுதினாள். பட்டம் கிடைத்தது. வெளிநாட்டு இடம் வேறொருவருக்குப் போனது. பெரியவர் அவளைக் கவனக்குறைவுக்காரி என்று கூட்டத்தில் சொன்னார். சுபவேளையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் திறந்தேன். என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

தோட்டப் பாடசாலையொன்றில் நியமனம் கிடைத்துப் போகுமுன் விடைபெற என் வீட்டுக்கு வந்தாள். தேநீரைக் குடித்து முடித்துக் கோப்பையைக் கீழே வைத்தபடி கேட்டாள்:

"நீங்க எண்ணாம இருந்திருக்கலாமே சேர்?"

குறைசொல்கிற குரலும் இல்லை, சிரிப்பும் இல்லை. எண்ணாவிட்டாலும் கோடு பொய்தானே என்று சொல்ல வாயெடுத்தேன். அது அவளுக்குத் தெரியாததா? கோப்பையை எடுத்துக் கழுவப் போனேன்.

சென்ற மாதம் என் சேவைக் கடிதத்தை வாங்க அங்கே போனேன். நடைபாதையில் அந்தப் படம் இன்னும் தொங்குகிறது. தேயிலையின் உள்ளமைப்பு என்று, சீருடைப் பிள்ளைகளுக்கு விரிவுரையாளர் விளக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார், நிறுத்தவில்லை.

எண்ணாமல் தாண்டிப் போய்விடப் பார்த்தேன். முடியவில்லை. பதினேழு.