அம்மா கழற்றி எடுத்த என்ஜின்

எங்கள் அம்மா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்காக உறவினர்கள் அனுப்பிய இரங்கல் குறிப்புகளைப் படித்தேன். அநேகமாக எல்லாவற்றிலும் ஒரே சொல்தான்: பொறுமை. பொறுமையின் வடிவம், பொறுத்துப் போனவர், எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதவர். அவற்றை நான் அச்சுக்குக் கொடுக்கவில்லை. அம்மா பொறுமைசாலி அல்ல. அவருக்குக் கோபம் வரும். வந்த கோபம் எளிதில் போகாது. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. மூத்த மகளாக நான் எழுத நினைப்பது அதைத்தான்.

அம்மா வருசநாட்டில், இலவம்பஞ்சுத் தோப்புகளில் கூலி வேலை பார்த்த குடும்பத்தில் பிறந்தவர். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினார்கள். மார்க்கையன்கோட்டைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். எங்கள் அப்பா சின்னமனூர் ஸ்டாண்டில் அம்பாசிடர் டாக்சி ஓட்டியவர். வண்டி தாத்தாவின் பெயரில் இருந்தது. பழுது வந்தால் அப்பா பட்டறைக்கு விடமாட்டார், வீட்டு வாசலிலேயே பிரிப்பார். அம்மாவும் சேர்ந்து பிரித்தார். கொஞ்ச வருடங்களில் ஓட்டுவது அப்பாவின் வேலை, கிளட்ச் மாற்றுவது அம்மாவின் வேலை என்று ஆகிவிட்டது. வண்டி ஓட்டவும் அப்பாவிடமே கற்றுக்கொண்டு லைசென்ஸ் எடுத்தார். அம்மாவுக்குச் சமையலில் கொள்ளை ஆசை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சமையல் அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, "அடுப்ப நிறுத்திட்டு இங்கன வா, இந்த போல்ட்டப் பிடி" என்று கூப்பிடுவார்.

அப்பா மஞ்சள் காமாலையில் போனார். வண்டியின் பெட்ரோல் என்ஜின் அதற்கு முன்பே பிளாக் வெடித்து நின்றிருந்தது. பழைய இரும்புக்குப் போட்டுவிடு என்று சொல்லாத சொந்தம் இல்லை. அப்படிச் சொன்னவர்களில் ஒருவர்கூட எங்கள் வீட்டில் அரிசி இருக்கிறதா என்று கேட்டதில்லை. அம்மா போடிக்குப் போய் ஏலக்காய் ரகம் பிரிக்கும் வேலையில் சேர்ந்தார். நான் சின்னமனூரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்கு நின்றேன். தங்கை படித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருடக் கூலியில் மிச்சம் பிடித்து, கம்பத்தில் விபத்தில் நொறுங்கிய ஒரு வேனிலிருந்து டீசல் என்ஜினையும் கியர்பாக்ஸையும் அம்மா வாங்கிவந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் வேலை நடந்தது. கிணறு தூர்வாருகிறவர்களிடம் மூன்று கால் இரும்புத் தாங்கியையும் பாரம் தூக்கும் சங்கிலிக் கப்பியான செயின் பிளாக்கையும் கேட்டு வாங்கி, செத்த என்ஜினைத் தூக்கி வெளியே வைத்தார். புதியது எதிலும் பொருந்தவில்லை. என்ஜினைத் தாங்கும் மவுண்டிங்குகளை வெட்டி வேறு இடத்தில் வெல்டு வைக்க வேண்டியிருந்தது. பழைய வண்டியில் கியர் கம்பி ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் இருந்தது. இனி அது தரையிலிருந்து வர வேண்டும் என்பதால் தரைத் தகட்டில் துளை போட்டு அறுத்தார். கியர்பாக்ஸ் நீளமானது. அதனால் பின்சக்கரத்துக்குப் போகும் ஷாப்டைத் தேனி லேத் பட்டறையில் கொடுத்துக் குட்டையாக்கினார். ஒரு முறை வைத்துப் பார்த்து, சரியில்லை என்று எல்லாவற்றையும் மறுபடி இறக்கினார்.

வண்டி ஓடியது. நாங்கள் மூவரும் வீரபாண்டி வரை போய்த் திரும்பினோம். அந்த வாரத்திலேயே சித்தப்பா, அப்பாவின் கூடப்பிறந்த தம்பி, வீட்டுக்கு வந்தார். அப்பா இறந்து பதினாறு முடிந்த பிறகு அவர் எங்கள் வாசலை மிதித்தது அன்றைக்குத்தான்.

"மதினி, வண்டி ஓடுதாம்ல, சந்தோசம். அது எங்கப்பா பேர்ல இருக்குற வண்டி. அப்பா எனக்குன்னு சொல்லிட்டுப் போயிருக்காக. வெள்ளிக்கிழம நாள் நல்லாருக்கு, வந்து எடுத்துக்கிறேன். பொம்பள டாக்சி ஓட்டி ஊரு சிரிக்க வேணாம்."

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். "வந்து எடுத்துக்கங்க தம்பி" என்றார். இதைத்தான் பொறுமை என்று ஊர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

மறுநாள் அம்மா போடிக்குப் போகவில்லை. என்னையும் கடைக்குப் போக விடவில்லை. செயின் பிளாக்கை மறுபடி வாங்கிவந்தோம். தாம் முடுக்கிய ஒவ்வொரு போல்ட்டையும் அம்மாவே கழற்றினார். ஷாப்டை உருவினார். என்ஜினும் கியர்பாக்ஸும் சங்கிலியில் தொங்கியபடி வெளியே வந்தன. அப்போது அவர் அழுதார். அது துக்கம் இல்லை என்பது பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும். பற்களைக் கடித்துக்கொண்டு, கை நிற்காமல், சங்கிலியை இழுத்துக்கொண்டே அழுதார்.

வெள்ளிக்கிழமை சித்தப்பா மாலையோடும் எலுமிச்சம்பழத்தோடும் ஒரு டிரைவரையும் சொந்தக்காரப் பெரியவர்கள் சிலரையும் கூட்டிக்கொண்டு வந்தார். மாலையைப் போட்டார்கள். சக்கரத்துக்கு அடியில் பழம் வைத்தார்கள். டிரைவர் சாவியைத் திருகினார். ஒரு சத்தமும் இல்லை. பானட்டைத் திறந்தால் உள்ளே தரை தெரிந்தது.

"என்ன மதினி இது?"

"வண்டி ஒங்கப்பா பேர்ல இருக்கு. என்ஜினும் கியர்பாக்ஸும் நான் ஏலக்காய் பொறுக்கி வாங்குனது. ஒங்க பழைய என்ஜின் டிக்கியில கெடக்கு. சரிபாத்து எடுத்துக்கங்க."

பெரியவர் ஒருவர், "ஆத்தா, குடும்பத்துக்குள்ள இப்பிடியா செய்வாக?" என்றார்.

"குடும்பம்னு இப்பத்தான் ஞாபகம் வருதா மாமா?"

சித்தப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "ஓடாத வண்டிய வச்சு நான் என்ன செய்ய?"

"ரெண்டு வருசமா நானும் அதத்தான் யோசிச்சேன். இனி நீங்க யோசிங்க."

டிராக்டர் கட்டி இழுத்துப் போனார்கள். அப்பா உட்கார்ந்து ஓட்டிய சீட்டும் அதோடு போனது. அம்மா கதவைச் சாத்திக்கொண்டார். என்ஜினைக் காப்பாற்றினாரே தவிர, அப்பாவின் வண்டியை அவரால் காப்பாற்ற முடியவில்லை. அந்த வண்டி சித்தப்பா வீட்டுப் பின்பக்கத்தில் நின்றே துருப்பிடித்தது. அவருக்கும் உதவவில்லை, எங்களுக்கும் இல்லை. எங்கள் குடும்பத்தில் நடந்த அநியாயங்களில் இது மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அம்மா என்ஜின் இல்லாத வேறொரு பழைய அம்பாசிடர் கூட்டை வாங்கி, முதலிலிருந்து எல்லா வேலையையும் திரும்பச் செய்தார். சுருளிக்கும் குமுளிக்கும் சவாரி ஓட்டினார். பிரசவத்துக்குப் போகும் பெண்கள் அவரைத்தான் கூப்பிட்டார்கள். அந்த ஓட்டத்தில் தங்கை படித்து முடித்தாள். எங்கள் இருவருக்கும் திருமணம் நடந்தது. ஓய்ந்த நாட்களில் தெரிந்தவர்களின் பழைய கார்களுக்கு எங்கள் வாசலிலேயே என்ஜின் மாற்றிக் கொடுத்தார். ஒருமுறை சித்தப்பாவும் தம் காரின் கியர்பாக்ஸ் போய்விட்டதென்று ஆள் அனுப்பினார். "தெரியாதுன்னு சொல்லு" என்றார் அம்மா.

பிறகு சிறுநீரகம் கெட்டது. தேனிக்கு டயாலிசிஸுக்குப் போய்வந்த நாட்களில் அவருடைய உள்ளங்கையிலிருந்த கிரீஸ் கருப்பு கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை. கடைசி வாரத்தில் சித்தப்பா ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். வெளியே நிற்கிறார் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"எதுக்கு வந்திருக்காக? வண்டி நின்னுபோச்சா?"

"பாக்க வந்திருக்காகம்மா."

"பாத்தாச்சுன்னு சொல்லி அனுப்பு."

அனுப்பிவிட்டேன். கருமாதியன்று அதே சித்தப்பா மைக்கைப் பிடித்து, மதினிக்கு வண்டி கொடுத்து வாழவைத்தது தம் அப்பாதான் என்றும், கடைசியில் மதினி தம் கையைப் பிடித்து எல்லாவற்றையும் மறந்துவிடச் சொன்னார் என்றும் பேசினார். கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். அம்மா அவர் கையைப் பிடிக்கவில்லை. அவர் அறைக்குள்ளேயே வரவில்லை. கதவருகே நின்றவள் நான்.

அம்மாவுக்கு உதவியவர்களுக்கு எங்கள் நன்றி. கேட்ட போதெல்லாம் செயின் பிளாக் கொடுத்த கிணற்று வேலைக்காரர்களுக்கு. பெண் கொண்டுவந்த வேலை என்று ஒதுக்காமல் ஷாப்டைக் கடைந்து கொடுத்த லேத் பட்டறைக்காரருக்கு. போடியில் தம் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் மாற்றி மாற்றித் துணையிருந்த, ஏலக்காய் ரகம் பிரிக்கும் பெண்களுக்கு. டயாலிசிஸ் பிரிவில் அம்மாவின் கோபத்துக்குக் கோபப்படாத நர்ஸுகளுக்கு. கடைசி நாட்களில் வண்டி ஓட்டிக் கூட்டிப்போன பக்கத்து வீட்டு அக்காவுக்கு.

இவர்களைத் தவிர, எங்கள் குடும்பம் வேறு யாருக்கும் நன்றிக்கடன் பட்டிருக்கவில்லை.