பள்ளத்திலிருந்து கேட்ட பியூகிள்

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ, வருடம் சரியாக நினைவில்லை. மே மாதம், கொடைக்கானலில் சீசன் களைகட்டியிருந்த நேரம். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பேண்டு குழுவில் பியூகிள் வாசித்துக்கொண்டிருந்தேன். பதினெட்டுப் பேர், ஒரு வேன், வேன் கூரையில் கட்டிய டிரம்கள். கோயில் திருவிழா, சர்ச் திருவிழா, பள்ளி ஆண்டு விழா என்று யார் கூப்பிட்டாலும் போவோம். வருடத்தில் பாதி நாள் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டுத்தான் தூக்கம். வெள்ளை யூனிஃபார்மை மடித்துப் பாய்க்கு அடியில் வைத்துப் படுத்துவிடுவோம். காலையில் இஸ்திரி போட்ட மாதிரி இருக்கும்.

எங்கள் மாஸ்டர் பட்டாளத்து பேண்டில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் போட்ட சட்டங்களில் மீறவே முடியாதது ஒன்று உண்டு. எல்லாரும் ஒன்றுசேர வேண்டும் என்றால் பியூகிளில் ஒரு சின்ன ஊதல். அது காதில் விழுந்தால் கையில் சோற்றுத்தட்டு இருந்தாலும் கீழே வைத்துவிட்டு, ஏன் எதற்கு என்று கேட்காமல், சத்தம் வந்த திசைக்கு ஓடிவர வேண்டும். அதை ஊதுகிற பொறுப்பு என்னுடையது. அதனாலேயே எங்கே போனாலும் பியூகிளும் என்னோடு வரும். உண்மையைச் சொன்னால் எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. நான் ஊதினால் பதினேழு பேர் ஓடி வருகிறார்களே!

அந்த முறை பூம்பாறையில் ஒரு நிகழ்ச்சி, அடுத்த நாள் கவுஞ்சியில் ஒன்று. பூம்பாறையில் நான் சொதப்பிவிட்டேன். குளிரில் உதடு மரத்துப்போய், முக்கியமான இடத்தில் ஊதல் பிசிறிவிட்டது. கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். எனக்குப் பக்கத்தில் பெரிய டிரம் அடித்தவள் என் நெருங்கிய தோழி. அவளும் லேசாகச் சிரித்துவிட்டாள்.

அன்று ராத்திரி கொடைக்கானலுக்கே திரும்பி வந்து ஒரு பள்ளிக்கூடத்தில் படுத்தோம். மறுநாள் காலை ஓய்வு. மாஸ்டர் வேனைப் பழுது பார்க்கக் கொண்டுபோயிருந்தார். நாங்கள் எட்டுப் பேர் வெள்ளகவிக்கு இறங்குகிற ஒற்றையடிப் பாதையில் கொஞ்ச தூரம் போய்ப் பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினோம். நல்ல வெயில். எதிரே பெரிய பாறைச் சுவர் பளபளவென்று தெரிந்தது. வழியில் பூம்பாறைப் பேச்சு வந்தது. நான் வாயை அடக்கியிருக்கலாம்.

"நீ அடிச்ச அடி இழுத்துக்கிட்டே போச்சு. அதான் எனக்கு மூச்சு நிக்கல" என்றேன் அவளிடம்.

"ஒன் ஊதல் பிசிறுனதுக்கு என் டிரம் என்னடி பண்ணும்?"

"தட்டத் தெரிஞ்சாப் போதாது. காதும் வேணும்."

எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். அவள் முகம் சுருங்கிப்போய், பாதையை விட்டு விலகி, புதர்களுக்கு நடுவே ஒரு மேட்டைத் தாண்டித் தனியாகப் போனாள். கோபம் ஆறட்டும், தானே வருவாள் என்று விட்டுவிட்டேன்.

அப்போதுதான் மேகம் ஏறியது. பள்ளத்திலிருந்து வெள்ளையாகக் கிளம்பி, ஐந்து நிமிடத்தில் எங்களை மூடிவிட்டது. பக்கத்தில் நிற்பவள் சேலை நிறம்கூடத் தெரியவில்லை. என் தோழியின் பெயரைச் சொல்லிக் கத்தினோம். பதில் இல்லை. ஒருத்தி அழ ஆரம்பித்துவிட்டாள்.

எனக்குப் பயம் இருந்தாலும், கையில் பியூகிள் இருக்கிறதே என்று ஒரு தெம்பு. ஊதினேன். காத்திருந்தோம். வரவில்லை. இன்னும் பலமாக ஊதினேன். தூரத்தில் "வர்றேன்" என்று அவள் குரல் கேட்ட மாதிரி இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் மூன்றாவது தடவை, நான்காவது தடவை என்று அடிவயிற்றிலிருந்து ஊதினேன். பூம்பாறையில் பிசிறிய ஊதல் இப்போது கத்தி மாதிரி போனது. அந்த நேரத்திலும் 'நல்லா வருதே' என்று மனசுக்குள் நினைத்தேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

ஐந்தாவது தடவை ஊதும்போது யாரோ என் கையில் ஓங்கி அடித்தார்கள். பியூகிள் உதட்டைக் கிழித்துக்கொண்டு கீழே விழுந்தது. வாயில் ரத்தம்.

திரும்பினால் ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். தலைச்சும்மாடு அவிழ்ந்து தோளில் கிடந்தது. எங்கேயோ விறகுக் கட்டைப் போட்டுவிட்டு ஓடி வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது.

"நிப்பாட்டுங்க! ஊத வேணாம்! யாரைக் கூப்புடுறீங்க?"

"எங்க பொண்ணு ஒருத்தியைக் காணோம்க்கா. மேட்டுக்கு அங்கிட்டுப் போனா."

அந்த அக்கா முகம் மாறியதை அந்தப் பனியிலும் பார்த்தேன்.

"மேட்டுக்கு அங்கிட்டு நிக்கிற ஆளுக்கு நீங்க ஊதுறது இங்கேருந்து கேக்காது. எதிர்ப் பாறையில போய் அடிச்சு, பள்ளத்துக்குள்ளேருந்துதான் கேக்கும். எங்க வீட்டுக்காரர் கூப்புட்ட சத்தத்துக்கு எங்க பசு மாடு அப்பிடியே நடந்து போய் விழுந்திருச்சு."

அக்கா சொன்னது புரிந்த அந்த ஒரு நொடியை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. உடம்பில் இருந்த சூடெல்லாம் கால் வழியாக இறங்கிப்போன மாதிரி இருந்தது. ஐந்து தடவை ஊதியிருக்கிறேன். 'வர்றேன்' என்று அவள் சொல்லியிருக்கிறாள்.

அந்த அக்கா யாரையும் வாயைத் திறக்க விடவில்லை. இரண்டு கையையும் வாயருகே குவித்து, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திக் கத்தினார்.

"நடக்க வேணாம்! அப்பிடியே உக்காருங்க! கீழ உக்காருங்க!"

சத்தம் எந்தப் பக்கம் இருந்து கேட்டால் என்ன, உட்காரச் சொன்னால் உட்காரத்தானே வேண்டும். இவ்வளவு சின்ன விஷயம் எனக்குத் தோன்றவில்லை.

"நானும் வர்றேன்க்கா" என்றேன். மற்றவர்களை அசையக் கூடாது என்று சொல்லிவிட்டு, அக்கா தன் முந்தானையை என் கையில் சுற்றினார்.

"இதை விட்டுறாதீங்க. நான் வச்ச எடத்துல கால் வைங்க. ஓட ஏலாது, வெரசாப் போகவும் ஏலாது."

கையில் இருந்த குச்சியால் தரையைத் தட்டித் தட்டிப் போனார். நான் பின்னால். மேட்டைத் தாண்டியதும் தரை சரிய ஆரம்பித்தது. ஈரப் புல் வழுக்கியது. பத்தடிக்கு ஒரு தரம் நின்று, "உக்காந்திருக்கீங்களா?" என்று கேட்பார். எங்கிருந்தோ மெலிசாக "ம்" என்று வரும். அந்த "ம்" எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டுத் திசையை மாற்றுவார். எவ்வளவு நேரம் நடந்தோமோ தெரியாது.

திடீரென்று குச்சி அவள் முதுகில் பட்டது.

புல்லில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அக்கா முதலில் அவள் தாவணியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். அதே நேரம் காற்று அடித்து மேகம் ஒரு ஓரமாகக் கிழிந்தது. அவள் பாதத்துக்கு முன்னால் இரண்டு முழம் புல். அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. வெகு கீழே மரங்களின் தலை, பாசி மாதிரி தெரிந்தது.

அவளும் அப்போதுதான் பார்த்தாள். கத்தவில்லை. மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி, எதிரே இருந்த வெறும் ஆகாசத்தைக் காட்டினாள்.

"நீ அங்கிட்டிருந்துதானடி ஊதுன? ஊத ஊத வந்துக்கிட்டேதான் இருந்தேன்."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் அந்த அக்கா எங்கள் இரண்டு பேரையும் குழந்தைகளைப் போல ஆளுக்கொரு கையில் பிடித்து மேலே இழுத்துக்கொண்டு வந்தார். பாதையில் உட்கார வைத்து, இடுப்பில் கட்டியிருந்த பாட்டிலிலிருந்து, "வறத் தேத்தண்ணி, குடிங்க" என்று பால் சேர்க்காத, ஆறிப்போன டீயைக் கொடுத்தார். தேயிலைத் தோட்டத்துப் பேச்சாக இருக்கிறதே என்று ஒருத்தி கேட்டபோது, "நான் பொறந்தது சிலோன் தோட்டத்துல. கைப்புள்ளையா இங்க கூட்டி வந்தாங்க" என்றார். பிறகு என் உதட்டைப் பார்த்து, "ஓங்கி அடிச்சுப்புட்டேன். கோவிச்சுக்காதீங்க" என்றார். நான் அவர் காலைத் தொடப் போனேன். தள்ளிவிட்டு, விறகுக் கட்டைத் தேடிக்கொண்டு பனிக்குள் போய்விட்டார். பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை.

மத்தியானம் கவுஞ்சியில் வாசித்தோம். கிழிந்த உதட்டோடு என்னால் ஊத முடியவில்லை. சிம்பல் தட்டுகளைக் கையில் கொடுத்தார் மாஸ்டர். நடந்ததை அவரிடம் நானே சொன்னேன். அதற்குப் பிறகு அவர், எந்த மலைக்குப் போனாலும் மேகம் இறங்கினால் ஒரு ஊதலுக்கு அர்த்தம் ஒன்றுதான் என்று மாற்றிவிட்டார்: நின்ற இடத்தில் உட்கார்.

என் தோழி ஒருநாள்கூட என்னைக் குறை சொன்னதில்லை. அவளைக் கோபப்படுத்தித் தனியே அனுப்பியதற்கு நான் மன்னிப்புக் கேட்டபோது, "அதை விடுடி, நீ கூப்புட்டே, நான் வந்தேன்" என்றாள். அந்தப் பதில்தான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

பேண்டை விட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. என் பிள்ளைகளோ, கூட வேலை பார்ப்பவர்களோ திசை தெரியாமல் தடுமாறினால், 'என் பக்கம் வா' என்று சொல்ல நாக்கு வரை வந்துவிடும். ஆனால் நம்பி வருகிறவர்களின் காலடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கூப்பிடக் கூடாது என்பதால், 'இப்போ நீ எங்க நிக்கிற?' என்று கேட்ட பிறகுதான் அடுத்த வார்த்தையைப் பேசுகிறேன்.